இரண்டாவது எண்ணின் தலை

"இன்னைக்காவது வருஷத்தைச் சொல்லுங்கம்மா" என்றார் சிற்றம்பலம்.

பெர்னதத் அம்மா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"வணக்கம்னு ஒண்ணு இருக்கு சார்."

"வணக்கம். வருஷத்தைச் சொல்லுங்க."

ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்துகொண்டிருந்தது. அந்த மலையூரில் மேகம் யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. மதியம் மூன்று மணிக்கு வரும். துணி காய்ந்ததா என்று பார்க்காது. வந்தால் எதிர்க்கடைப் பலகையை எழுத்து எழுத்தாகத் தின்னும். 'ஸ்டோர்ஸ்' முதலில் போகும். பிறகு முதலாளி பெயரில் பாதி போகும். மிச்சப் பாதியை வைத்துக்கொண்டு அது யார் கடை என்று வெளியூர்க்காரன் யோசித்துக்கொண்டு நிற்பான்.

பெர்னதத்தின் வீடும் கடைதான். முன்னறையில் துப்பாக்கி ரிப்பேர். பின்னால் சமையல்கட்டு. வெளிச்சம் சமையல்கட்டில் மட்டும் விழுந்ததால் வேலை எல்லாம் அங்கேயே நடந்தது. கடையை நடத்திய அவள் புருஷன் செபஸ்தியான் போய் ஆறு வருஷம் ஆகிறது. அவர் சுத்தியல் பிடித்தார், இவள் பேனா பிடித்தாள். வந்துபோன ஒவ்வொரு ரிவால்வரின் எண்ணையும், அது எந்த வருஷம் பிறந்தது என்பதையும் இருபத்தெட்டு நோட்டில் எழுதி வைத்திருந்தாள்.

இப்போது எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். தாத்தாவின் ரிவால்வர், மாமனாரின் ரிவால்வர். அவள் பிடியின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, "ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலு" என்பாள். சிலர் அழுவார்கள். சிலர் தேநீர் கேட்பார்கள்.

சிற்றம்பலத்துக்கு மட்டும் அவள் சொல்லவில்லை.

அவளைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். சர்வே ஆபீஸில் வரைபடம் போட்டு ரிடையர் ஆனவர். தீராத பிடிவாதக்காரர்.

போன வருஷம் இதே மேகத்தில்தான் முதல் தடவை வந்தார். ரிவால்வரை மேஜை மேல் வைத்தார். லைசென்ஸை அதன் பக்கத்தில் வைத்தார்.

"குழலைப் பாருங்க. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழுன்னு வருஷமே போட்டிருக்கு. எங்கப்பா சொன்னது நிஜம். நீங்க ஒரு தாள்ல எழுதிக் குடுத்தாப் போதும்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்திருக்கக் கூடாது. ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள்.

"சார், அது அந்த மாடலுக்குக் காப்புரிமை வாங்கின வருஷம். அதுக்கப்புறம் செஞ்ச எல்லாத்துலயும் அதையே அடிப்பாங்க. ஊறுகாய் பாட்டில்ல 'நிறுவப்பட்டது 1927'ன்னு போட்டிருந்தா, ஊறுகாய் அன்னைக்குப் போட்டதா?"

அவர் முகம் விழுந்துவிட்டது.

"அப்போ எப்போ செஞ்சது?"

அவள் சிலிண்டரைத் திறந்து வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்தாள். காலி என்று தெரிந்ததையும் திறந்துதான் பார்ப்பாள். பிறகு பிடியைத் திருப்பினாள்.

இரண்டு. அப்புறம் ஒரு ஓட்டை. அப்புறம் நான்கு, ஒன்று, ஆறு.

ஓட்டையில் ஒரு வளையம் மாட்டியிருந்தது. கயிறு கோத்து இடுப்பில் கட்டிக்கொள்ளும் வளையம். அதற்காகப் போட்ட துளை இரண்டாவது எண்ணைக் கொண்டுபோய்விட்டது. மேலே ஒரு சிறிய படுக்கைக் கோடு மட்டும் மிச்சம். எண்ணின் தலை.

"மூணா இருக்கணும்" என்றார் அவர்.

"ஏழாவும் இருக்கலாம்."

அந்தக் கம்பெனியின் அச்சில் ஐந்தின் தலை இவ்வளவு நீளம் வராது. மூன்றுக்கு உருண்டைத் தலை கிடையாது. தட்டைத் தலை. ஏழுக்கும் தட்டைத் தலை. உடம்பு போய்விட்டால் இரண்டும் ஒன்றுதான்.

"மூணுன்னா?"

"முப்பத்தெட்டாம் வருஷம்."

"ஏழுன்னா?"

"ஐம்பத்தொண்ணு."

லைசென்ஸில் பார்க்கலாம் என்றால், எழுதின குமாஸ்தா கடைசி மூன்று எண்ணை மட்டும் எழுதி நிறுத்தியிருந்தான். சாப்பாட்டு நேரம் வந்திருக்கும். பழைய லைசென்ஸ் கரையான் வாய்க்குப் போயிருந்தது. அந்தக் கம்பெனியும் வேறெங்கும் எண் அடிக்காத கம்பெனி.

"நீங்க பார்த்துச் சொல்லுங்கம்மா. உங்களுக்குத் தெரியும்."

"நீங்களே படிங்க."

"எனக்குப் படிக்கத் தெரியாதே."

"அதான் சொல்றேன்."

அப்படித்தான் அவர் சிஷ்யரானார்.

வாரத்தில் மூன்று நாள் வந்தார். கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு ஊர்ப்பட்ட ரிவால்வரின் அடியைப் பார்த்தார். எண்ணுக்கு முன்னால் எழுத்து வந்தால் என்ன, பின்னால் வந்தால் என்ன, எந்த வருஷம் அச்சு மாறியது, யுத்தத்தில் எந்த எண்ணோடு பாலிஷ் போடுவதை நிறுத்தினார்கள் என்று எல்லாம் கற்றார். மேகம் நிறைந்த அந்தச் சமையல்கட்டில், குழம்பு கொதிக்கும் சத்தத்தில், எண்கள் மிதந்து வந்து அவர் முன்னால் நின்றன. ஒவ்வொன்றும் தன் பிறந்த வருஷத்தைச் சொல்லிவிட்டு வெள்ளையில் கலைந்தது.

எட்டு மாதத்தில் அவர் சொன்ன வருஷமும் அவள் சொன்ன வருஷமும் ஒன்றாக இருந்தன.

தன்னுடையதைத் தவிர.

இன்றைக்கு அவர் உட்காரக்கூட இல்லை. கையில் ஒரு கல்யாணப் பத்திரிகை இருந்தது. அதைப் பட்டாணித் தோல் மேலேயே வைத்தார்.

"நாளைக்குக் கல்யாணம். எங்கண்ணன் பேத்திக்கு. கோயம்புத்தூர்ல."

"சந்தோஷம்."

"என்ன சந்தோஷம்? கடைசிப் பக்கத்தைப் பாருங்க."

பார்த்தாள். 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று போட்டு, கீழே வரிசையாகப் பெயர்கள். முதல் பெயர் மாணிக்கவாசகம். அடுத்தது சிற்றம்பலம்.

"உங்க பேரு இருக்கே."

"என்னைக் கேட்டானா? பத்தொம்பது வருஷமாப் பேச்சு கிடையாது. என் பேரை எடுத்து அவன் பாட்டுக்கு அச்சடிச்சிருக்கான்."

"அடிக்காம இருந்திருந்தா?"

"அதுக்கும் கோவம்தான் வந்திருக்கும்" என்று ஒப்புக்கொண்டார். மனிதரிடம் அந்த ஒரு நல்ல குணம் இருந்தது.

அவள் பத்திரிகையிலிருந்த பட்டாணித் தோலைத் தட்டினாள்.

"எதுக்குப் பேச்சு நின்னுச்சு? ஒரு வருஷமா நான் கேக்கலை. இப்போ கேக்கறேன்."

சிற்றம்பலம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவர் அப்பா தேயிலை எஸ்டேட்டில் குமாஸ்தா. ஒருநாள் துரையை ஒரு காட்டெருமை விரட்டியது. அப்பா கையில் இருந்தது ஒரு குடை. குடையைப் படாரென்று விரித்து அதன் முகத்துக்கு நேரே நீட்டினார். எருமை குழம்பிப்போய்த் திரும்பிவிட்டது. நாற்பத்தேழில் துரை கப்பல் ஏறும்போது தன் இடுப்பிலிருந்த ரிவால்வரைக் கழற்றி அப்பா கையில் கொடுத்தார்.

"இது நாங்க கேட்டு வளர்ந்த கதை. சாப்பாடு இல்லாத நாள்கூட இருந்திருக்கு. இந்தக் கதை இல்லாத நாள் இல்லை."

"அண்ணன் என்ன சொன்னார்?"

"அப்பா செத்து, பொணத்தை எடுக்கல. யாரோ இந்தக் கதையை எடுத்தாங்க. இவன் வாயை மூடிட்டு இருந்திருக்கலாம். 'துரையும் குடுக்கல, எருமையும் வரல. நீலகிரி ரோட்டுல ஒரு கடையில புதுசா வாங்கினார். எனக்குப் பத்து வயசு, நான் கூட இருந்தேன்'னு சொல்லிட்டான்."

"நீங்க?"

"அறைஞ்சேன்."

"பொணத்து முன்னாடியா?"

"ஆமா."

"எல்லார் முன்னாடியுமா?"

"ஆமாம்மா. எத்தனை தரம் கேப்பீங்க?"

மேகம் இப்போது அடுப்புவரை வந்துவிட்டது. முன்னறைச் சுவரில் மாட்டியிருந்த பழைய துப்பாக்கிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. மாட்டிய ஆணிகள் மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தன. பிறகு அவையும் இல்லை.

"ரிவால்வர் யார்கிட்ட இருந்துச்சு?"

"மூத்தவன்கிறதால முதல்ல அவன்கிட்ட. ஆறு மாசம். அப்புறம் அவன் பட்டறை ஆளு ஒருத்தன் எண்ணெய்த் துணியில சுத்திக் கொண்டாந்து குடுத்தான். தம்பியே வச்சுக்கட்டும்னு சொல்லி அனுப்பியிருந்தான். பிரிச்சுப் பார்த்தா இந்த வளையம். இந்த ஓட்டை. கூட ஒரு துண்டுச் சீட்டு."

"என்ன எழுதியிருந்துச்சு?"

"'வளையம் போட்டிருக்கேன். இனிமே கீழ விழாது.' என்ன திமிர் பாருங்க. நம்பர்ல மூணு இருந்திருக்கு, முப்பத்தெட்டு, துரை இங்க இருந்த காலம். இருந்தா அவன் சொன்னது பொய்னு ஆயிடும். அதான் துளை போட்டு அழிச்சுட்டான். அழிச்சுட்டு, என் கையிலயே குடுக்கறான்."

"பத்தொம்பது வருஷமா இதைத்தான் நினைச்சுட்டு இருக்கீங்க."

"வேற என்ன நினைக்க? அதான் கேக்கறேன். மூணுன்னு உங்க வாயால சொல்லுங்க. நோட்டுல எழுதுங்க. நாளைக்கு அந்த மண்டபத்துல நோட்டைக் கொண்டுபோய் அவன் முன்னாடி வைக்கறேன். வச்சுட்டு, சாப்பிட்டுட்டு வர்றேன்."

"ஏழுன்னா?"

சிற்றம்பலம் பத்திரிகையை எடுத்தார். பத்திரிகையை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"ஏழுன்னா எந்த மூஞ்சியை வச்சுட்டுப் போறது?"

பெர்னதத் பட்டாணிக் கிண்ணத்தை நகர்த்தினாள். ரிவால்வரை வாங்கினாள். சிலிண்டரைத் திறந்து பார்த்தாள். மூடினாள். அடிப்பக்கம் மேலே தெரிய, துணியில் சாய்த்து வைத்தாள்.

"உங்கண்ணனுக்கு என்ன தொழில்?"

"லேத்து. மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைவான்."

"கை எப்படி?"

"கையா?" சிற்றம்பலம் தன்னை மறந்து நிமிர்ந்தார். "தலைமுடி கனம் தப்பாது. என் மூக்குக் கண்ணாடித் திருகாணி தொலைஞ்சு போச்சு ஒரு தடவை. கடுகைவிடச் சின்னது. உக்காந்து கடைஞ்சு குடுத்தான். அந்தக் கண்ணாடி இன்னும் வீட்டுல இருக்கு."

"அப்போ இந்த ஓட்டை ஏன் நடுவில இல்லை?"

"எது நடுவில?"

"வளையம்னா பிடிக்கு நட்டநடுவில போடுவாங்க. ஒரு வருஷமா எத்தனை வளையம் பார்த்தீங்க?"

"நடுவில போட்டா மூணாவது எண்ணுதான் போகும். அவனுக்கு ரெண்டாவதை அழிக்கணும். அதான் பக்கத்துல தள்ளிட்டான்."

"பக்கத்துல தள்ளினது சரி. கீழ ஏன் இறக்கினார்?"

சிற்றம்பலம் குனிந்து பார்த்தார். ஓட்டை எண்களின் வரிசையில் இல்லை. வரிசைக்கு அரைக்கால் விரல் கீழே இருந்தது. அதனால்தான் எண்ணின் தலை தப்பியிருந்தது. ஒரு வருஷமாக அந்தத் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஏன் இருக்கிறது என்று பார்க்கவில்லை.

"கை தப்பியிருக்கும்."

"தலைமுடி கனம்னீங்க."

அவர் மறுபடி குனிந்தார்.

அவள் எழுந்தாள். சப்பாத்திக்குப் பிசைந்து மூடி வைத்திருந்த மாவில் ஒரு உருண்டை எடுத்து, பலகையில் தட்டினாள். தீக்குச்சியால் அதன் மேல் ஒரு ஏழு போட்டாள். கம்பெனி அச்சில் இருக்கிற மாதிரியே, தட்டைத் தலையோடு.

எசென்ஸ் பாட்டில் மூடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். மூடியில் வெனிலா வாசனை அடித்தது.

"இது ஏழு. ஒருத்தர் வந்து இதைப் பார்ப்பார். அவருக்கு இது மூணா இருக்கணும். இல்லைன்னா அந்த மனுஷன் உடைஞ்சு போவார். உங்ககிட்ட குச்சி கிடையாது, எழுத முடியாது. இந்த மூடியை ஒரே ஒரு தடவை அழுத்தலாம். என்ன செய்வீங்க?"

"எதுக்கும்மா இதெல்லாம்? எனக்கு நேரம் ஆகுது."

"எனக்கும்தான். உலை கொதிக்குது."

சிற்றம்பலம் சலித்துக்கொண்டே மூடியைப் பிடித்தார். முப்பத்தைந்து வருஷம் வரைபடம் போட்ட கை. கணக்கு என்று வந்துவிட்டால் கோபம் நிற்காது. நெற்றி சுருங்கியது. மூடியை எண்ணுக்கு நேரே பிடித்தார். வேண்டாம் என்று எடுத்தார். இடப்பக்கம் நகர்த்தினார். வேண்டாம். தலையை ஒருபக்கம் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

அறையில் இப்போது மேஜை மட்டும் இருந்தது. சுற்றிலும் வெள்ளை. உலை எங்கோ தூரத்தில் கொதித்தது. வேறு ஒரு ஊரில், வேறு ஒரு மேஜையில், லேத்தை நிறுத்திவிட்டு ஒருவன் இதே மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அவன் கன்னம் சிவந்திருந்தது.

சிற்றம்பலம் மூடியைக் கொஞ்சம் கீழே இறக்கி, அழுத்தினார்.

எடுத்தார்.

ஏழின் கால் போய்விட்டது. மேலே தட்டைத் தலை மட்டும் நின்றது.

"ஆச்சு" என்றார். குரலில் ஒரு திருப்தி. "இப்போ மூணுன்னும் படிக்கலாம்."

"முழுசாவே அழிச்சிருக்கலாமே. எண்ணுக்கு நேரே அழுத்தியிருந்தா சுலபமா முடிஞ்சிருக்கும்."

"முழுசா அழிச்சா எதுவா வேணா இருக்கும்மா. ஒண்ணுகூட இருக்கலாம். வர்றவருக்குப் பிடிச்சுக்க ஒண்ணும் இருக்காது. தலையை விட்டாத்தானே மூணுன்னு நம்ப முடி..."

நிறுத்தினார்.

பெர்னதத் மூடியை அவர் கையிலிருந்து வாங்கினாள். பலகையைத் தள்ளி, ரிவால்வரின் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

மாவில் ஒரு வட்டம், மேலே ஒரு கோடு. இரும்பில் ஒரு வட்டம், மேலே ஒரு கோடு.

வெகு நேரம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"மூணா இருந்து, அவன் அதை ஒழிக்கணும்னு நினைச்சிருந்தா..." என்று ஆரம்பித்தார்.

"ம்."

"தலையை விட்டிருக்க மாட்டான்."

"ம்."

"ஏழா இருந்து, ஜெயிக்கணும்னு நினைச்சிருந்தா..."

"ம்."

"துளையே போட்டிருக்க மாட்டான். அப்படியே கொண்டாந்து என் மூஞ்சியில காட்டியிருப்பான்."

உலை பொங்கியது. அவள் போய் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள். அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். வலது கையை மடியில் வைத்து, அதன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ எங்கப்பா..."

"கடையில வாங்கினார்."

"அந்த எருமை?"

"அது எனக்குத் தெரியாது சார். எருமைக்கு நம்பர் கிடையாது."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் வேறு என்னவோ ஆகிவிட்டது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மீதிப் பட்டாணியை உரித்தாள். ஆம்பளை அழும்போது பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்கு என்றைக்கும் ஆகாது.

ஒன்பது காய் உரித்த பிறகு, "உங்களுக்கு இது முதல்லயே தெரியுமா?" என்று கேட்டார்.

"யாரோ வேணும்னே தலையை விட்டிருக்காங்கன்னு வந்த அன்னைக்கே தெரியும். யாரு, எதுக்குன்னு இன்னைக்குத்தான்."

"அப்போ அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

சிற்றம்பலம் எழுந்தார். ரிவால்வரை எண்ணெய்த் துணியில் சுற்றினார். பத்தொன்பது வருஷம் பழைய துணி, அதே மடிப்பில் மடிந்தது. வளையத்தை மட்டும் விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். எங்கேயும் நெருடவில்லை. விளிம்பைக் கண்ணுக்குத் தெரியாதபடி தேய்த்து விட்டிருந்தான், கையைக் கிழிக்காதபடி.

பத்திரிகையை எடுத்து மார்போடு சட்டைப் பையில் வைத்தார்.

"கோயம்புத்தூர் பஸ் இன்னும் இருக்கா?"

"நாலரைக்கு ஒண்ணு. மேகத்துல மெதுவாத்தான் போவான்."

அவர் வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினார். வெள்ளையில் செருப்பும் தெரியவில்லை. காலால் துழாவிக்கொண்டிருந்தார்.

உள்ளே பெர்னதத், இப்போது எழுதிக்கொண்டிருக்கும் இருபத்தொன்பதாம் நோட்டை எடுத்தாள். எண்ணுக்கு ஒரு கட்டம். வருஷத்துக்கு ஒரு கட்டம். ஒரு வருஷமாக அவருடைய வரி மட்டும் காலியாக இருந்தது. பேனாவைத் திறந்துகொண்டு, குரல் கொடுத்தாள்.

"சார், ரெண்டாவது எண் என்னன்னு எழுதட்டும்?"

செருப்பு கிடைத்துவிட்டது. வெளியே மேகத்துக்குள்ளிருந்து பதில் வந்தது.

"மூணுன்னே எழுதுங்கம்மா. அது அண்ணன் எனக்காகப் போட்ட கையெழுத்து."